நாற்பது வளைவுகளும் ஒரு பத்மினியும்

முதல் நாள், ஞாயிறு: திருச்சி – பழனி

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சித்தப்பா, நான், சித்தப்பாவின் 1992 பிரீமியர் பத்மினி. போகிற இடம் வால்பாறை. அத்தை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றுவிட்டார். வேலை முடிந்தால், தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சாவி கொடுக்கணும் என்று போன வாரம் போனில் சொன்னார். "ஒரு வேன் பிடிக்கலாமே சித்தப்பா" என்றேன். "எங்க அக்காவக் கூட்டியாற வாடகை வண்டியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பத்மினியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஃபியட் 1100 ஆக வந்த வண்டிதான் 1974இல் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற கார்புரேட்டர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே ஹேண்ட் கியர், நாலே கியர். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்தன. எங்கள் வீட்டு வண்டி ஓயவில்லை. சித்தப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இந்த வண்டியின் சத்தத்தில் கால் பங்கு மாறினாலும் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

மணப்பாறை வரை ஒரு குறையும் இல்லை. ஐம்பது, ஐம்பத்தைந்தில் பூப்போல வந்தது. வையம்பட்டி தாண்டி அய்யலூர் ஏற்றத்தில்தான் முதல் தடவை திணறியது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்திருந்தேன். வண்டி ஒரு முறை முன்னுக்குத் தள்ளி, ஒரு முறை பின்னுக்கு இழுத்தது. காலை எடுத்ததும் சரியாகிவிட்டது. வண்டிக்கருப்பண சாமி கோயில் முன்னால் எல்லா டிரைவர்களையும் போல நாங்களும் நிறுத்தி, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு கிளம்பினோம். திண்டுக்கல் மேம்பாலம் ஏறும்போது மறுபடியும் அதே திணறல். இந்த முறை எஞ்சின் நின்றே போனது. பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால், ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி வரை சமதரையில் ஒரு சின்ன வெட்டல்கூட இல்லை.

இன்று இரவு லாட்ஜ் வாசலில் டார்ச் வெளிச்சத்தில் பேனட்டைத் திறந்தோம். சித்தப்பாவின் கணக்கு: சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, அப்படியானால் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கரண்ட் பக்கம், அதாவது கண்டன்சர் அல்லது காயில். டிக்கியில் எப்போதும் ஒரு செட் பாயிண்டும் கண்டன்சரும் வைத்திருப்பார். இரண்டையும் மாற்றி, கேஜ் வைத்து இடைவெளி பார்த்து மூடினார். பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தோம். நாலும் வெளிறி, சாம்பல் படிந்த வெள்ளையாக இருந்தன. நல்ல பிளக் முனை காய்ந்த மண் நிறத்தில் இருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். "பெட்ரோல் கம்மியா எரியுதோ?" என்றேன். "ஹைவேல ஓடி வந்த வண்டி, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். நாளை மலை. மீதி அங்கே.

இரண்டாம் நாள், திங்கள்: பழனி – பொள்ளாச்சி – ஆழியாறு – மறுபடியும் பொள்ளாச்சி

நேற்று எழுதியது தப்பு. கண்டன்சர் இல்லை.

உடுமலை தாண்டிப் பொள்ளாச்சி வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே நல்ல ஓட்டம். ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து காட்டி, பதினோரு மணிக்கு மலையைத் தொட்டோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. எங்கள் வண்டி நான்காவது பலகையைத் தாண்டவில்லை.

நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. இரண்டாவது கியர், கால் முழுக்க அழுத்தத்தில். ஏற ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் நன்றாக இழுத்தது. அப்புறம் ஒரு குலுக்கல். கொஞ்சம் இழுவை திரும்பி வந்தது. மறுபடி குலுக்கல், இந்த முறை நீளமாக. மூச்சு வாங்கி வாங்கிக் கடைசியில் அடங்கியது. நான் இறங்கி ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

சித்தப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "பாப்பா, கரண்ட்டு போனா சுவிட்ச ஆஃப் பண்ணுன மாதிரி பட்டுனு நிக்கும். இது பசியில நிக்கிற மாடு மாதிரி நிக்குது" என்றார். நேற்று இரவு கண்டன்சர் மாற்றியவரே இதைச் சொன்னார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கையில் எடுத்த முடிவைக் கீழே வைக்க எல்லோராலும் முடியாது.

ஆறவிட்டால் தடயம் போய்விடும், அதனால் நின்ற கையோடு பார்த்தோம். முதலில் கரண்ட். பெட்ரோல் பக்கம் எதையும் திறப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து காயிலின் நடு ஒயரை உருவி, ரப்பரைப் பிடித்துக்கொண்டு, முனையை பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்தார். நான் செல்ஃப் அடித்தேன். நீலமாக, சடசடவென்று பொறி. கரண்ட்டில் குறையில்லை.

ஒயரை மாட்டிவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தோம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் சேர்ந்து நிற்கிற கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசி போட்டது போல ஒரு பீச்சல் வரும். வரவில்லை. மூன்று தடவை, நாலு தடவை இழுத்தும் வாய் காய்ந்தே கிடந்தது. கிண்ணம் காலி. டேங்கிலோ பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்ற சத்தம் இல்லை. இருந்தாலும் மூடியைத் தளர்த்தி வைத்தோம். ஏ.சி. பம்ப் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறதா என்று பார்க்க, ஈரத்துணியை பம்ப் மேல் சுற்றினோம். இதுவும் லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். (கார் விவரம் அறியாதவர்களுக்கு: ஏ.சி. பம்ப் என்றால் குளிர்சாதனம் அல்ல. எஞ்சினே ஆட்டி ஓட்டுகிற பெட்ரோல் பம்ப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. முந்நூறு மீட்டரில் மறுபடியும் அதே மூச்சு வாங்கல், அதே அடங்கல். மூடியும் இல்லை, சூடும் இல்லை.

"ஃபர்ஸ்ட் கியர்ல உருட்டிக்கிட்டே போயிரலாமா?" என்று கேட்டேன். கால் அழுத்தாமல் போனால் ஏறியும்விடும். சித்தப்பா மேலே தெரிந்த வளைவுகளைப் பார்த்தார். "இன்னும் முப்பத்தாறு இருக்கு. இதுல ஒண்ணுல பஸ் இறங்கும்போது நின்னா?" என்றார். வளைவின் அகலத்தில் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம். ஒரு கேனில் பெட்ரோல் வைத்துக் கார்புரேட்டருக்கு நேராக டியூப் விட்டு மலை ஏறிய கதை அவரிடம் உண்டு. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சூடான எஞ்சினுக்கு மேலே திறந்த கேனை வைத்துக்கொண்டு ஆட்களோடு மலை ஏறுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னோம். "மெதுவா வாங்க, நான் எங்க ஓடப்போறேன்" என்றார். குரல் அவ்வளவு தெம்பாக இல்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்: பொள்ளாச்சி

நாள் முழுக்க ஒரே இடம். மாட்டுச் சந்தை நாள் என்பதால் ஷெட் வாசலில் விடிந்ததிலிருந்து மாடு ஏற்றிய வண்டிகள். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட சித்தப்பா வயது. பத்மினியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "எத்தனை வருசமாச்சுங்க இந்த வண்டியில கை வெச்சு" என்று சொல்லி பேனட்டைத் தடவினார்.

நாங்கள் பார்த்ததையெல்லாம் சொன்னோம். அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு பழைய சலைன் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி பேனட்டில் தொங்கவிட்டு, அதன் டியூபைக் கார்புரேட்டரில் சொருகினார். எஞ்சின் அந்தப் பாட்டில் பெட்ரோலில் ஓடியது. பம்ப்பிலிருந்து வருகிற ஹோஸை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். "அம்மணி, ஒரு நிமிசம் கடியாரத்தப் பாருங்க."

ஒரு நிமிடத்தில் வந்தது எண்பது மில்லி. அதுவும் விட்டுவிட்டு, குமிழி குமிழியாக.

நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். சமதரையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிற வண்டி இது. மணிக்கு மூன்றே கால் லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஐம்பத்தைந்து மில்லி. எண்பது வந்தால் தாராளம். மலையில் கால் முழுக்க அழுத்தினால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். நிமிடத்துக்கு நூற்றிருபது என்று வைத்தாலும் நாற்பது மில்லி துண்டு விழுகிறது. அதைக் கார்புரேட்டர் கிண்ணம் கொஞ்ச நேரம் ஈடுகட்டும். ஒரு காபி டம்ளர் அளவுகூட அதில் நிற்காது. அது தீர ஒரு நிமிடம், அதற்கு மேல் கொஞ்சம். நான்காவது வளைவில் நடந்தது அப்படியே இந்த எண்களில் இருந்தது. சமதரையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை, மேம்பாலத்தில் ஏன் நின்றது, ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஏன் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் பதில் ஒரு தண்ணீர் பாட்டிலில் கிடைத்தது. பழனியில் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த வெளிறிய பிளக்குகளும் இதையேதான் சொல்லியிருக்கின்றன.

அடுத்து, பம்ப்புக்கு வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, தரையில் வைத்த கேனிலிருந்து பம்ப் நேராக உறிஞ்சும்படி ஒரு துண்டு ஹோஸ் போட்டார். அதே ஒரு நிமிடம். அரை லிட்டரைத் தாண்டியது. பம்ப் நல்ல பம்ப். நேற்றே சித்தப்பா புது பம்ப் வாங்கக் கடை தேடினார். கிடைத்திருந்தால் மாற்றியிருப்போம், இன்றும் நின்றிருப்போம்.

அப்படியானால் குறை பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில். பம்ப் பக்கத்திலிருந்து டேங்கை நோக்கிக் காற்று அடித்துப் பார்த்தார். டேங்குக்குள் தடையில்லாமல் கொப்பளித்தது. லைன் சுத்தம் என்று மூவரும் முடிவு கட்டினோம். மிச்சம் டேங்க்தான், துருவும் கசடும் உறிஞ்சும்போது வந்து அடைக்கிறது, காற்று அடித்தால் விலகுகிறது என்று தோன்றியது. டேங்கை இறக்கி, காலி செய்து, கழுவி, காயவைத்து ஏற்ற மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. துரு வந்தது உண்மை, ஒரு கைப்பிடி. பாட்டில் பரீட்சை வைத்தோம். தொண்ணூறு மில்லி.

யாரும் பேசவில்லை. மெக்கானிக் டீ வாங்கிவரச் சொன்னார்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பாதான் கேட்டார். "ஊதிப் பாத்தோம். உறிஞ்சிப் பாக்கலையே?"

பிரேக் ஆயில் உறிஞ்சுகிற பெரிய சிரிஞ்ச் ஒன்று ஷெட்டில் இருந்தது. டேங்க் வாயில் மாட்டுகிற ஒரு சாண் ரப்பர் ஹோஸைக் கழற்றி அதில் சொருகினோம். தள்ளினால் காற்று போகிறது. இழுத்தால் பாதியில் சிரிஞ்ச் தண்டு பிடித்துக்கொண்டு நின்றது. விட்டால் பின்னால் ஓடியது. மெக்கானிக் பிளேடை எடுத்து ஹோஸை நீளவாக்கில் கீறினார்.

வெளியே பளபளப்பான கறுப்பு ரப்பர், ஒரு வெடிப்பு இல்லை. உள்ளே சுவர் இரண்டாகப் பிரிந்து, உட்தோல் ஒரு நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் மெதுவாக உறிஞ்சும்போது நாக்கு பாதி மூடுகிறது. எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடுகிறது. ஊதினால் சுவரோடு படுத்துக்கொண்டு வழி விடுகிறது. காற்று அடித்துப் பார்த்து எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டது இப்படித்தான். காலையிலிருந்து அந்த ஹோஸை இரண்டு முறை கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டியிருக்கிறோம்.

"இப்ப வர்ற பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்கறதில்லீங்க" என்றார் மெக்கானிக். 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனாலில் ஊறினால் பழைய வகை ரப்பர் உப்பும், இளகும். எங்கள் ஹோஸுக்குப் பதினோரு வயது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர்களை எல்லாம், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். சாதாரண ஹோஸ் வேண்டாம், இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குப் போடுவதைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு மூன்று இடத்திலும் அதுவே போட்டார். புது ஃபில்டர், புது கிளிப். பாட்டில் பரீட்சையில் ஐந்நூறு தாண்டியதும் சித்தப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

நான்காம் நாள், புதன்: வால்பாறை

நான்காவது வளைவில் சித்தப்பா என்னை ஓட்டச் சொன்னார். "செகண்ட்லயே மிதி. விடாத." மிதித்தேன். ஒரு நிமிடம் ஆனது. ஒன்றரை ஆனது. ஐந்தாவது பலகை வந்தது, ஆறாவது வந்தது. எட்டு வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ. நிறுத்தினோம், இந்த முறை நாங்களாகவே. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் வெள்ளித் தட்டுப் போலக் கிடந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாறையில் இரண்டு வரையாடுகள், ஆள் வாடையைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. அட்டகட்டிக்கு மேலே குளிர் தொடங்கியது. கவர்க்கல்லில் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். அதற்கப்புறம் வால்பாறை வரை தேயிலைதான்.

மேலே வந்ததும் ஐட்லிங் கொஞ்சம் கனத்தது. உயரத்தில் காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் பங்கு கூடிவிடும். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். சித்தப்பா தடுத்துவிட்டார். "நாளைக்குக் கீழ போயிருவோம். இங்க திருகுனத அங்க போயி மறுபடியும் திருகணும்."

அத்தை லைன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது, நாளை காலி செய்யப்போகிற வீட்டில். கடைசி வருடங்களில் அந்த வரிசையில் பாதி வீடுகள் பூட்டியே கிடந்தனவாம். மாமா இறந்த பிறகு பதினான்கு வருடம் அங்கே தனியாக இருந்திருக்கிறார். அத்தையின் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

இரவு கோழிக்குழம்பு. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள், வியாழன்: வால்பாறை – திருச்சி

மேலே கேரியரில் டிரங்க் பெட்டி, இரண்டு பாய், பாத்திர மூட்டை. டிக்கியில் ஆட்டுக்கல். அதை விட்டுவிட்டு வரச் சொல்லி நான் பேசியது எடுபடவில்லை. பின் சீட்டில் அத்தை, மடியில் தகர டப்பாவில் ஒரு காப்பிச் செடி. வண்டியின் பின்பக்கம் நன்றாகவே தாழ்ந்துவிட்டது. வால்பாறையிலிருந்து இறக்கம் என்று நினைப்பவர்களுக்கு: கவர்க்கல் வரை ஏற்றம்தான். இவ்வளவு பாரத்தோடு அந்த ஏற்றம்தான் உண்மையான பரீட்சை. செகண்ட் கியரில், கால் முழு அழுத்தத்தில், பனிக்குள் ஏறினோம். எஞ்சின் சத்தம் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம். அத்தை கண்ணாடியை இறக்கி அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறக்கத்துக்கு அவர் சொல்லும் விதி ஒன்றே: ஏறின கியரிலேயே இறங்கணும். நாற்பது வளைவும் செகண்டில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும். ஆழியாறில் இறங்கிச் சக்கரத்தின் பக்கம் கை வைத்துப் பார்த்தேன், சூடு அளவோடுதான் இருந்தது. பொள்ளாச்சியில் மெக்கானிக்குக்கு ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொடுத்தோம். கீறிய ஹோஸை ஷெட்டில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார், வருகிற பையன்களுக்குக் காட்டவாம்.

திண்டுக்கல் மேம்பாலத்தில் சித்தப்பா வேண்டுமென்றே மூன்றாவது கியரில் விட்டு மிதித்தார். ஏறியது. அப்புறம் அய்யலூர். மாலை ஐந்தரை இருக்கும், கருப்பண சாமி கோயில் முன்னால் ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அத்தை திடுக்கிட்டு எழுந்தார். "ஏன் தம்பி, நின்னுருச்சா?"

"இல்லக்கா. நாந்தான் நிறுத்துனேன்" என்றார் சித்தப்பா. தேங்காய் வாங்க இறங்கினார்.